புயல் எத்தனை மணிக்குத் தொடங்கியது? – அயனி மண்டல ரேடார்கள் குறித்துச் சில கேள்விகள்

புவிகாந்தப் புயலின்போது, அதாவது சூரியனிலிருந்து வரும் வீச்சு பூமியின் காந்தப்புலத்தைக் குலைக்கும்போது, பல நாட்டு ரேடார்கள் ஒருங்கிணைந்து அயனி மண்டலத்தை (மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டலத்தை) கவனிப்பது பற்றிச் சேலத்தில் நான் பேசியதைத் தொடர்ந்து எழுத்தில் வந்த கேள்விகள் இவை.

கேள்வி (ஆத்தூர், ஹாம் வானொலி அன்பர்): ஒரு நல்ல ரேடார் போதாதா? ஏன் இத்தனை நாடுகள் சேர வேண்டும்?

ஒரு ரேடார் தனக்கு மேலுள்ள வானத்தை மட்டுமே பார்க்கிறது. புயலோ உலகம் முழுவதையும் ஒரே நேரத்தில் தாக்கினாலும் எல்லா இடங்களையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பியதும், துருவப் பகுதிகளில் எழும் மின்புலம் சில நிமிடங்களில் நிலநடுக்கோடு வரை ஊடுருவிவிடுகிறது. அது பகல் பக்கத்தில் கிழக்கு நோக்கியும் இரவுப் பக்கத்தில் மேற்கு நோக்கியும் அமைவதால், ஓரிடத்தில் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற அத்துகள்களின் கூட்டம்) மேலே தூக்கப்படும் அதே வேளையில் இன்னோரிடத்தில் அது கீழே இறக்கப்படுகிறது. நமக்கு நண்பகல் 12 மணி என்றால், பெரு நாட்டில் லிமா நகருக்கு அருகிலுள்ள ஹிகாமார்கா ரேடாருக்குப் பின்னிரவு 1.30. சில மணி நேரம் கழித்து, துருவப் பகுதியில் சூடேறிய காற்று புறப்பட்டு வந்து இதற்கு நேர்மாறான விளைவை உண்டாக்கத் தொடங்கும். தனியொரு ரேடாரின் பதிவை வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது.

2015 மார்ச் 17 அன்று தொடங்கிய புயல் இந்திய நேரம் காலை 10.15க்குப் பூமியைத் தொட்டது. அந்தியில் அயனி மண்டலம் இயல்பாகவே மேலெழும்; புயலின் மின்புலமும் அதனோடு சேர்ந்துகொண்டதால், திருநெல்வேலிக்கு மேலே அயனி மண்டலத்தின் உயர் அடுக்கு 500 கிலோமீட்டருக்கும் மேலே தூக்கப்பட்டது. 2024 மே மாதத்துப் புயல் அதைவிட ஏறத்தாழ இருமடங்கு கடுமையானது. ஆனால் அது இரவு 10.35 அளவில் தொடங்கி, மறுநாள் காலையில்தான் உச்சத்தை எட்டியது. அதன் தொடக்கமும் உச்சமும் நம் அந்தியில் நிகழவில்லை. ஆகவே எந்தப் புயலைப் பற்றிக் கேட்டாலும், அது இங்கே எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சேர்ந்து இயங்குவதில் உள்ள சிக்கல் வேறு. மெகாவாட் கணக்கில் மின்திறன் கேட்கும் பெரிய ரேடார்களை ஆண்டு முழுவதும் ஓட்ட முடியாது என்பதால், கூட்டாகக் கவனிக்கும் நாள்களைப் பன்னாட்டு நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்துவிடுகிறார்கள். புயல் நாட்காட்டி பார்த்து வருவதில்லை. சூரியனில் வெடிப்பு தெரிந்தபின் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் அவகாசம் உண்டு. எனினும் வருகிற காந்தப்புலம் தெற்கு நோக்கியதா வடக்கு நோக்கியதா என்பது, நம் சூரிய ஆய்வு விண்கலமான ஆதித்யா-எல்1 நிற்கும் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவை அது கடக்கும்போதுதான் உறுதியாகும். அதன்பின் மிஞ்சுவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆகவே வருவது வீணாகவும் போகலாம் என்று தெரிந்தே ரேடாரை முடுக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவி): திருப்பதி அருகே காதங்கியில் உள்ள ரேடாரும் ஹிகாமார்காவும் ஒரே வகையா?

இரண்டும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையில், அதாவது 50 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகின்றன, வேலை வேறு. ஹிகாமார்காவில் 300 மீட்டருக்கு 300 மீட்டர் பரப்பில் 18,432 இருமுனை ஆண்டெனாக்கள் உள்ளன. தனித்தனி எலக்ட்ரான்கள் சிதறடிக்கும் மிக நொய்ந்த அலையை அது பிடிக்கிறது. கற்றைக்குள் அகப்படும் எலக்ட்ரான்கள் அனைத்தும் சேர்ந்து திருப்பியனுப்பும் அளவு, அத்தனை உயரத்தில் வைத்த ஒரு சிறு நாணயம் திருப்பியனுப்புவதற்கு மேல் இராது. காதங்கியில் 1,024 யாகி ஆண்டெனாக்கள் 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில் நிற்கின்றன. அது அயனி மண்டலத்தில் காண்பது, அலைநீளத்தில் பாதியளவான, ஏறத்தாழ மூன்று மீட்டர் அளவுள்ள அடர்த்தி ஒழுங்கின்மைகளை மட்டுமே. இரவில் பிளாஸ்மாக் குமிழி (அடர்த்தி குறைந்த பகுதி) எழும்போது அதன் பதிவில் 300 கிலோமீட்டரில் ஒரு தடிப்புத் தோன்றி, புகை போல் மேலே எழுந்து, சாய்ந்து பரவுவதைப் பார்க்கலாம். குமிழி இல்லாத இரவில் பதிவு வெறுமையாக இருக்கும். எதிரொலி வரவில்லை என்பதால் மேலே அயனி மண்டலமே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. மாணவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

கேள்வி (அம்மாபேட்டை): இன்றிரவு கதிர்கள் வருகின்றன, கைபேசியை அணைத்து வையுங்கள் என்று வாட்ஸப்பில் வந்த செய்தி?

பொய். யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கேள்வி (ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்): வானத்துக்கு அருகில் இருக்கும் எங்கள் சேர்வராயன் மலையில் ஏன் ஒரு ரேடார் அமைக்கவில்லை?

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம்; பார்க்க வேண்டிய அடுக்கு 300 கிலோமீட்டர் உயரம். ஒன்றரையைக் கழிப்பதால் ஒரு பயனும் இல்லை. உச்சியில் வைத்தால் சுற்றியுள்ள ஊர்களின் மின்னிரைச்சல் முழுவதும் ஆண்டெனாவில் வந்து விழும். இத்தகைய ரேடாருக்கு மலை காலடியில் இருக்கக் கூடாது, சுற்றிலும் அரணாக நிற்க வேண்டும். காதங்கியும் ஹிகாமார்காவும் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் அமைந்தது அதனால்தான்.

அவரே மீண்டும்: அப்படியானால் கோடைக்கானலில் மட்டும் ஏன் வைத்தார்கள்? அதுவும் மலை உச்சிதானே?

இதை ஒட்டி மேலும் மூவர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் ஏற்காட்டுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்றே சொல்லிவிட்டார். கோடைக்கானல் ஆய்வகம் 1899இல் சூரியனைப் பார்ப்பதற்காக அமைந்தது. ஒளியைப் பிடிக்கும் தொலைநோக்கிக்குத் தூசி குறைந்த உயரமான இடம் தேவை. அயனி மண்டலக் கருவிகள் பின்னர் அங்கே வந்ததற்குக் காரணம் உயரமல்ல. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோட்டுக்கு அது அருகில் இருப்பது. அந்தக் கோடு தென்கோடியை ஒட்டிச் செல்வதால்தான் தும்பாவில் 1963இல் ராக்கெட் தளம் அமைந்தது. ஏற்காடு அதற்குச் சற்று வடக்கே தள்ளியிருக்கிறது. குற்றம் காந்தப்புலத்தினுடையது, நான் அதற்குப் பொறுப்பல்ல.

கேள்வி (இளம்பிள்ளை): கஞ்சமலை இரும்புத்தாது புயலின்போது திசைகாட்டியை அதிகமாகத் திருப்புமா?

கஞ்சமலையின் மேக்னடைட் பாறை அருகே திசைகாட்டி முள் தடுமாறலாம். அது புயல் இல்லாத நாளிலும் உண்டு. நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. 2024 புயல் அதில் குறைத்தது சுமார் 400, அதாவது நூற்றில் ஒரு பங்கு. அந்தக் குறைவும் பெரும்பாலும் முள் நிற்கும் வடதென் திசையிலேயே நிகழ்வதால், முள்ளை இழுக்கும் விசை சற்றுக் குறையுமே தவிர முள் அவ்வளவாகத் திரும்பாது. பாறையில் தூண்டப்படும் காந்தமும் அதே விகிதத்தில் மாறுமே என்று இன்னொருவர் வாதிட்டிருக்கிறார். கொள்கை அளவில் சரி, ஆனால் அதுவும் நூற்றில் ஒரு பங்குதான். காந்தமானி வைப்பவர்கள் இத்தகைய மலையை விட்டு விலகிச் செல்வது வேறு காரணத்துக்காக: கருவி சிறிது நகர்ந்தாலும் அளவீடு பெரிதாக மாறிவிடும்.

கேள்வி: சேலத்து மேக்னசைட்டும் காந்தக்கல்தானா?

இல்லை. அது மக்னீசியம் கார்பனேட்.

கேள்வி (மூவர்): மலைப்பாதையில் வளைவுகளில் கைபேசி வரைபடம் வழி தவறியது, காரணம் புயலா?

நாள், நேரம் எதையும் மூவரும் எழுதவில்லை. கொண்டை ஊசி வளைவில் பாறையும் மரமும் செயற்கைக்கோள்களை மறைப்பது முதல் காரணம். அதை விலக்கிவிட்டு வாருங்கள்.

கேள்வி (ஆத்தூர் ஹாம் அன்பர், மீண்டும்): எங்களால் என்ன செய்ய முடியும்?

அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைகளை அனுப்பும் 18 நிலையங்கள் உலகெங்கும் 14.100 மெகாஹெர்ட்ஸில் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பத்து நொடி ஒலித்து, மூன்று நிமிடத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றன. இலங்கை நிலையமும் அவற்றில் ஒன்று. அந்தி முதல் நள்ளிரவு வரை எது கேட்டது, எது துடிதுடித்தது, எது கேட்கவில்லை என்று உலகப் பொது நேரத்தில் குறித்து வாருங்கள். அமைதியான நாள்களின் குறிப்பு இல்லாமல் புயல் நாளின் குறிப்பை மட்டும் அனுப்பினால் அதை ஒப்பிடுவதற்கு ஏதும் இருக்காது. ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள்.