எறும்பிடம் படித்த ரோபோக்கள்: வாசகர் கேள்விகள்

கட்டளையிட ஆளில்லாமல் ரோபோக் கூட்டம் எப்படி வேலையைப் பிரித்துக்கொள்கிறது?

முதலில் தேன்கூட்டைப் பாருங்கள். கூடு சூடானால் தேனீக்கள் சிறகடித்துக் காற்று விடும். எல்லாம் ஒரே சூட்டில் தொடங்குவதில்லை. ராணி பல ஆண் தேனீக்களோடு சேர்வதால் ஒரே கூட்டில் பல தகப்பன்மாரின் பிள்ளைகள் இருக்கும். சூடு பொறுக்கும் எல்லை ஒவ்வொரு தகப்பன் வழிக்கும் கொஞ்சம் மாறும். சூடு ஏற ஏறத்தான் ஆள் கூடும். எல்லோருக்கும் ஒரே எல்லை என்றால் எல்லாம் ஒரே நேரத்தில் விசிறத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தும். கூடு சூட்டுக்கும் குளிருக்கும் மாறி மாறி அல்லாடும்.

சுவிட்சர்லாந்தில் 2000இல் கெப்பரா என்னும் சிறிய ரோபோக்களை வைத்து இதைச் செய்துகாட்டினார்கள். ரோபோக்கள் திரும்பி வரும் இடம்தான் இங்கே கூடு, அவை தேடிக் கொண்டுவரும் பொருள்தான் இரை. கூட்டில் எவ்வளவு சக்தி மிச்சம் என்பது வானொலி வழியாக எல்லாவற்றுக்கும் தெரியும். யார் போக வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு ரோபோவுக்கும் ஓர் எல்லை உண்டு; கூட்டின் இருப்பு அதற்குக் கீழே இறங்கியதும் அந்த ரோபோ தானே இரை தேடக் கிளம்பிவிடும்.

அந்த எல்லையை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதைப் பற்றியதுதான். பிரஸ்ஸல்ஸில் லபெல்லா, டொரிகோ, தெனுபூர் மூவரும் லெகோவில் செய்த ரோபோக்களுக்கு ஒரே விதியைக் கொடுத்தார்கள்: இரையோடு திரும்பினால் அடுத்த முறை வெளியே போகும் வாய்ப்பு கூடும், வெறுங்கையோடு வந்தால் குறையும். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் சில ரோபோக்கள் ஓயாமல் இரை தேடின, மற்றவை கூட்டிலேயே தங்கின. ஒரே மாதிரி செய்தாலும் ரோபோக்களுக்குள் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும் அல்லவா? இரை பிடிக்க வாகானவை தாமாகவே முன்னுக்கு வந்தன. யாரும் தேர்வு வைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: வாய்ப்பைப் பூஜ்ஜியம்வரை இறங்க விடாதீர்கள். விட்டால் அந்த ரோபோ பிறகு எப்போதுமே வெளியே வராது.

சும்மா நிற்கும் ரோபோ வீண்செலவு இல்லையா?

இல்லை. நெருப்பெறும்புகள் சுரங்கம் தோண்டுவதை அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்து 2018இல் வெளியிட்டது. சுமார் 30 சதவீத எறும்புகளே 70 சதவீத வேலையைச் செய்தன. குறுகலான வழியில் எல்லோரும் இறங்கினால் நெரிசல்தான் மிஞ்சும். தோண்டும் ரோபோக்களை வைத்துப் பார்த்தபோதும் அதேதான் நடந்தது.

ஆயிரம் ரோபோக்களை வைத்து யாராவது செய்திருக்கிறார்களா?

ஹார்வர்டில் கிலோபாட் என்னும் 1024 குட்டி ரோபோக்கள், 2014இல். ஆனால் அது உருவம் அமைக்கும் சோதனை, வேலைப் பங்கீடு அல்ல.

கல்லூரி புராஜெக்டாக எடுக்கலாமா?

தாராளமாக. ரோபோ வாங்க அவசரப்படாதீர்கள். ஆர்கோஸ் என்ற இலவச சிமுலேட்டரில் இரை தேடும் மாதிரி நிரல் இருக்கிறது. பத்து ரோபோவோடு தொடங்குங்கள். முதலில் எல்லாவற்றுக்கும் ஒரே எல்லை, அப்புறம் வெவ்வேறு எல்லை. இரண்டிலும் கூட்டின் இருப்பு ஏறி இறங்குவதை வரைபடமாகப் போடுங்கள். பிறகு ஓட்டத்தின் நடுவில் மூன்று ரோபோக்களை நிறுத்திவிட்டு, மிச்சமிருப்பவை எவ்வளவு நேரத்தில் ஈடுகட்டுகின்றன என்று அளந்து பாருங்கள்.