‘பும்சி’யின் முடிவு பெண்ணியத்துக்கு முரணா?

‘பும்சி’ படத்தின் முடிவில் நாயகி ஆஷா தான் நட்ட செடிக்கு நிழலாகக் கிடந்து உயிர்விடுவது பெண்ணைத் தியாகத்துக்குள் அடைப்பதாகாதா என்று, அப்படத்தைப் பற்றிய உங்கள் கட்டுரைக்காகக் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது; தன் உடலின் நீரை எதற்குத் தருவது என்பதை அவளே தீர்மானிக்கும் இடம் அது.

வனூரி கஹியுவின் இந்தக் கென்யக் குறும்படத்தை (2009) முடிவிலிருந்து மட்டும் பார்ப்பதால் இக்குழப்பம் வந்திருக்கலாம். நீர் அரிதாகிவிட்ட எதிர்கால உலகைக் காட்டும் தொடக்கக் காட்சிகளை மீண்டும் பாருங்கள்: வியர்வையும் சிறுநீரும் வடிகட்டப்பட்டுக் குடிநீராகின்றன, உடலுழைப்பு மின்சாரமாகிறது, கனவைக்கூட மாத்திரை அடக்குகிறது. உடலின் ஒவ்வொரு துளியையும் எண்ணும் அந்தக் கணக்கிலிருந்து தப்பிய நீரே விதைக்குச் செல்கிறது. படத்தின் உயிர்நாடி இதுதான் என்பேன்.

1977இல் மரம் நடும் பசுமைப் பட்டை இயக்கத்தைக் கென்யாவில் தொடங்கிய வங்காரி மாத்தாய் பற்றிக் கஹியு ஆவணப்படம் எடுத்திருந்தாலும், ஆஷாவை அவரது உருவகமாகவே கொண்டால் உங்கள் கட்டுரை வலுவிழக்கும். மாத்தாயின் இயக்கத்தில் பெண்கள் கூட்டாக மரம் நட்டார்கள், ஆஷாவோ தனியாக நடுகிறாள்.