ரிப்போர்ட்டில் ஏழு உணவு, பேரனுக்கு ஆகாதது எது?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் வயிற்றுப் பேரனுக்கு 4 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் கரப்பான் புண் இருந்தது. பத்தாம் மாதம் முட்டைப் பொரியல் ஊட்டிய கால் மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடித்து, இரண்டு தடவை வாந்தி எடுத்தான். அன்றிலிருந்து வீட்டில் அவனுக்கு முட்டை சமைப்பதில்லை. மற்றபடி ரொட்டி, பால், கொண்டைக்கடலைக் கறி எல்லாம் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். மூன்றாவது பிறந்தநாளில் கேக்கூடத் தின்றான். நிலக்கடலை மட்டும் வாயில் பட்டதே இல்லை, அவன் அம்மாவுக்குப் பயம். எட்டு மாதத்துக்கு முன், காலையில் எழுந்ததும் ஓயாமல் தும்முகிறானே என்று ரத்தம் எடுத்துப் பார்த்தோம். முட்டை 6.2, இறால் 2.8, கோதுமை 1.1, நிலக்கடலை 0.9, கொண்டைக்கடலை 0.7, பால் 0.6, சோயா 0.5 என்று ஏழும் பாசிட்டிவ். அன்றே எல்லாவற்றையும் நிறுத்தினோம். போன மாதம் பயத்தில் மீனையும் பருப்பையும் நிறுத்திவிட்டோம். சோறு, உருளைக்கிழங்கு, கோழி, வாழைப்பழம், இவ்வளவுதான். எடை 13 கிலோவிலேயே நிற்கிறது, தும்மலும் நிற்கவில்லை. ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். மோர் கலந்தது என்று அவனுக்குக் கொடுக்கவில்லை. "ஆயா, எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டான். இந்த அலர்ஜி எப்போது போகும் டாக்டர்?

பதில்: அம்மா, ரத்தம் எடுப்பதற்கு முந்தின நாள் காலையில் உங்கள் பேரன் என்ன சாப்பிட்டான்? ரொட்டியும் பாலும்தானே? சாப்பிட்ட பிறகு தடித்ததா, வாந்தி எடுத்தானா, மூச்சு இளைத்ததா? இல்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. மூன்றே கால் வயது வரை தினமும் பால் குடித்து நன்றாக இருந்த பிள்ளைக்கு, 0.6 என்று ஒரு தாள் சொன்னதும் பால் ஆகாமல் போய்விடாது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

அந்த எண் எதை அளக்கிறது என்று பார்ப்போம். நம் உடம்பு ஒரு பொருளைப் பகையாக எண்ணும்போது ஐஜிஇ என்ற ஒரு வகைப் புரதத்தைத் தயார் செய்துவைக்கிறது. ரத்தத்தில் அது 0.35-க்கு மேல் இருந்தால் ஆய்வகம் பாசிட்டிவ் என்று அச்சடிக்கும். அதாவது உடம்பு அந்தப் பொருளைக் குறித்துவைத்திருக்கிறது. குறித்துவைத்திருக்கும் எல்லாவற்றோடும் அது சண்டைக்குப் போவதில்லை. கேப் டவுனில் 1 முதல் 3 வயதுக் குழந்தைகளைச் சோதித்து 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. தோல் டெஸ்டில் 100-க்கு 11 குழந்தைகளுக்கு ஏதாவது ஓர் உணவுக்குத் தடித்தது. அதே உணவைக் கண்காணிப்பில் சாப்பிடக் கொடுத்துப் பார்த்தபோது உண்மையான உணவு ஒவ்வாமை என்று தேறியது 100-க்கு இரண்டரைதான். தாளை மட்டும் நம்பியிருந்தால் மற்றப் பிள்ளைகளின் தட்டும் காலியாகியிருக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். புதிதாகப் படித்து வந்த காலத்தில், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு தாய் இப்படித்தான் ஒரு ரிப்போர்ட்டோடு வந்தார். பாசிட்டிவ் என்று இருந்ததையெல்லாம் பேனாவால் அடித்து, "இதையெல்லாம் கொடுக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து அந்தத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தையின் உள்ளங்கை வெளுத்திருந்தது. கையைப் பிடித்தால் எலும்புதான் தட்டுப்பட்டது. நான் அடித்த உணவில் ஒன்றுகூட அதற்கு ஆகாததாக இருக்கவில்லை. அந்த வெளுத்த உள்ளங்கை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் உங்கள் பேரனின் 13 கிலோவைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

சரி, ஏழையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முட்டை உண்மை. சாப்பிட்ட கால் மணி நேரத்தில் தடிப்பு, வாந்தி, அதோடு எண்ணும் அதிகம். கதையும் எண்ணும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஆனால் பிறந்தநாள் கேக்கை விட்டுவிடாதீர்கள், அது பெரிய செய்தி. மாவோடு கலந்து அரை மணி நேரம் சூட்டில் வேகும்போது முட்டைப் புரதத்தின் உருவம் குலைந்துபோகிறது. முட்டை ஆகாத பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேர் போல கேக்கில் வெந்த முட்டையைத் தாங்கிக்கொள்கிறார்கள். அப்படித் தாங்குகிறவர்களுக்கு முட்டை அலர்ஜியே சீக்கிரம் விலகிவிடும் வாய்ப்பும் கூடுதல். நீங்கள் கேட்ட "எப்போது போகும்" என்ற கேள்விக்கு நல்ல பதில் அந்தக் கேக்கில்தான் இருக்கிறது. முட்டை ஆகாது என்பதற்காகத் தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதும் இல்லை.

இறால் 2.8 என்பதற்கும் அவன் காலைத் தும்மலுக்கும் சொந்தம் இருக்கிறது. இறாலின் தசையில் ட்ரோபோமயோசின் என்று ஒரு புரதம் உண்டு. மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியிடமும், கரப்பான் பூச்சியிடமும் ஏறக்குறைய அதே புரதம் இருக்கிறது. தூசிப் பூச்சிக்கு எதிராகத் தயாரான ஐஜிஇ, இறாலைப் பார்த்தாலும் தன் ஆள் என்று ஒட்டிக்கொள்ளும். டர்பன் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் தூசிப் பூச்சி செழித்து வளரும். படுக்கையை விட்டு எழுந்ததும் அடுக்குத் தும்மல் என்றால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். கோதுமையும் இதே மாதிரிதான். கோதுமை ஒரு புல். புல் மகரந்தத்துக்கு உடம்பு எதிர்ப்பு வைத்திருந்தால் ரத்தத்தில் கோதுமையும் சேர்ந்து பாசிட்டிவ் காட்டும், ரொட்டி தின்றால் ஒன்றும் ஆகாது. கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை மூன்றும் ஒரே பயறுக் குடும்பம். ஒன்றோடொன்று சேர்ந்து காகிதத்தில் பாசிட்டிவ் ஆவது சகஜம்.

நிலக்கடலையை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவன் அதைச் சாப்பிட்டதே இல்லை, நமக்குக் கதை கிடையாது. கரப்பான் புண்ணும் முட்டை அலர்ஜியும் இருந்த பிள்ளைகளுக்கு நிலக்கடலை அலர்ஜி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பயந்து தள்ளிவைத்தால் அது குறையும் என்றுதான் முன்பு நாங்களும் நினைத்தோம். 2015-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக லண்டனில் இப்படிப்பட்ட குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி 5 வயது வரை பார்த்தார்கள். தவிர்த்தவர்களில் 100-க்கு 17 பேருக்கு நிலக்கடலை அலர்ஜி, ஒரு வயது ஆவதற்கு முன்பிருந்தே சாப்பிட்டவர்களில் 3 பேருக்குத்தான். உங்கள் மகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் செய்ததைத்தான் எங்களைப் போன்ற டாக்டர்களே வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது செய்ய வேண்டியது, நிலக்கடலைக்குள் இருக்கும் தனிப் புரதத்துக்கான ரத்த டெஸ்ட். அதில் பயப்படும்படி ஒன்றும் இல்லாவிட்டால் டாக்டர் முன்னிலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பது.

இதைப் படித்த கையோடு இன்று ராத்திரியே பாலைக் காய்ச்சிக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. எட்டு மாதம் தொடாமல் விட்ட உணவை உடம்பு சில சமயம் புதுப் பகையாக ஏற்கும். கரப்பான் இருந்த பிள்ளைகளிடம் இதைப் பார்க்கிறோம். பாலையும் கோதுமையையும் திரும்பக் கொடுக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதல் தடவை மட்டும் ஆஸ்பத்திரியில் கொடுக்கட்டும். மீனும் பருப்பும் வேறு விஷயம். அவை ரிப்போர்ட்டிலேயே இல்லை, போன மாதம் வரை சாப்பிட்டான். மீன் வேறு, இறால் வேறு. நாளைக்கே பருப்புச் சோறும் மீன் குழம்பும் போடுங்கள்.

அலர்ஜி பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் போனால் தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் செய்வார். ஊசி என்றதும் பிள்ளை மிரளுவான், முன்கூட்டியே விளக்கிச் சொல்லுங்கள். முன்கையில் பேனாவால் சின்னச் சின்னக் கோடு போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு விடுவார்கள்: தூசிப் பூச்சி, புல், முட்டை, இப்படி. சொட்டின் மேல் சின்ன முனையால் ஒரு தடவை அழுத்துவார்கள், ரத்தம் வராது. நான் முதலில் அம்மா கையில் ஒன்று போட்டுக் காட்டுவேன், அப்புறம் பிள்ளை தானாகவே கையை நீட்டும். 15 நிமிடத்தில் ஆகாத பொருள் பட்ட இடம் கொசு கடித்த மாதிரி வெளுத்துத் தடிக்கும், சுற்றிச் சிவக்கும். அரிக்கும், ஆனால் சொறிய விடக்கூடாது. ஸ்கேல் வைத்து அளப்பார்கள், 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் கணக்கு. அந்த அளவையும் உங்கள் கதையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முடியைத் தபாலில் அனுப்பிப் பார்க்கும் டெஸ்ட், நூறு உணவுக்கு ஐஜிஜி (இது ஐஜிஇ இல்லை, வேறு வகைப் புரதம்) பார்க்கும் டெஸ்ட் என்று யாராவது சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள். ஐஜிஜி இருக்கிறது என்றால் அந்த உணவை அவன் சாப்பிட்டிருக்கிறான் என்பதற்கு மேல் அதில் அர்த்தம் இல்லை.

பாலைக் கொடுத்துப் பார்ப்பது அரை நாள் வேலை. சில சொட்டில் தொடங்கி, இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டே போய் ஒரு தம்ளர் வரை கொடுப்பார்கள். கடைசியில் ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். எந்த டெஸ்டும் இதற்கு ஈடாகாது.

தும்மலுக்கு வருவோம். தலையணை உறை, விரிப்பு, போர்வையை வாரம் ஒரு தடவை 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். அவன் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையையும் சேர்த்துத்தான். மெத்தைக்கு ஜிப் வைத்த உறை கிடைக்கிறது. மூக்கு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தால் தினமும் அடிக்க வேண்டும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பிள்ளை தலையைக் கொஞ்சம் குனிந்திருக்க, மூக்கின் நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கமாக, கண்ணின் ஓரத்தைப் பார்த்து அடியுங்கள். தூக்கம் வரவழைக்கும் பழைய அலர்ஜி சிரப்பைத் தினமும் கொடுக்க வேண்டாம், தூக்கம் தராத புதிய மருந்துகள் இருக்கின்றன. சாம்பிராணிப் புகை அலர்ஜி இல்லை, ஆனால் வீங்கிய மூக்கை உறுத்தும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் நேரம் அவனை வேறு அறையில் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும். பூஜையை நிறுத்த வேண்டாம்.

இனி முட்டை விஷயத்தில் நீங்கள் தயாராக இருக்க வேண்டியது. தெரியாமல் முட்டை உள்ளே போய் உடம்பு தடித்து, அதோடு மூச்சு இளைத்தால், குரல் கம்மினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், பிள்ளை திடீரென்று துவண்டால், அப்போது மருந்து அட்ரினலின் ஒன்றுதான். சிரப் தடிப்பை அடக்கும், உயிரைக் காக்காது. பேனா மாதிரி இருக்கும் தானியங்கி ஊசி இங்கே விலை அதிகம், எப்போதும் கிடைப்பதும் இல்லை. அதனால் பல வீடுகளில் மருந்துக் குப்பியும் 1 மில்லி சிரிஞ்சும் ஒரு டப்பாவில் எழுதிக் கொடுக்கிறோம். 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள மருந்தில், கிலோவுக்கு 0.01 மில்லி கணக்கு. 13 கிலோவுக்கு 0.13 மில்லி, தொடையின் வெளிப்பக்கத்துத் தசையில். உங்கள் டாக்டர் சிரிஞ்சில் அந்த அளவுக்கு ஒட்டுத்தாள் ஒட்டிக் கோடு போட்டுத் தரட்டும். நீங்களும் உங்கள் மகளும் அவர் எதிரிலேயே தண்ணீர்க் குப்பி ஒன்றை உடைத்து, இழுத்து, ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகிவிட்டு வாருங்கள். முதல் குப்பி உடைக்கும்போது கை நடுங்கும், மூன்றாவதில் நடுங்காது. போட்டதும் பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு இளைத்தால் மட்டும் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177-க்கோ, செல்போனில் 112-க்கோ அழையுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இரண்டாவது ஊசி போடலாம்.

பாக்கெட் உணவில் முட்டை, பால், நிலக்கடலை போன்றவற்றை எழுத வேண்டும் என்று இந்த நாட்டில் விதி இருக்கிறது, படித்து வாங்குங்கள். கல்யாண வீட்டிலும் கோயிலிலும் லேபிள் கிடையாது, சமைத்தவரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

டெஸ்டுக்குத் தேதி வாங்கியதும் தும்மல் சிரப்பை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தோல் டெஸ்ட் பொய் சொல்லும். மூக்கு ஸ்ப்ரேயை நிறுத்த வேண்டாம். ரிப்போர்ட்டோடு, எந்த வயதில் எதைச் சாப்பிட்டான், என்ன ஆனது என்று நீங்கள் எனக்கு எழுதிய மாதிரியே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஏழில் முதலில் பாலைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பால் ஒத்துக்கொண்டால் மோரும் ஒத்துக்கொள்ளும், கூழும்தான்.