சில்லர் சரியாகிவிட்டது, பவளம் இன்னும் சரியாகவில்லை

கேள்வி: சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடு. 300 லிட்டர் பவளத்தொட்டி வைத்திருக்கிறேன். வார இறுதியில் ஜொகூர் போயிருந்தபோது சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) நின்றுவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் 32.5 டிகிரி. புதுச் சில்லர் போட்டு மூன்று நாள் ஆகிறது, இப்போது 26-இல் நிற்கிறது. டார்ச் பவளம் சுருங்கிக் கிடக்கிறது. ஒரு அக்ரோபோரா (கிளைவிடும் கல் பவளம்) வெளுத்துவிட்டது, இன்னொன்றில் அடியிலிருந்து தோல் உரிகிறது. பாதித் தண்ணீரை மாற்றி, வைட்டமின் ஊற்றலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பதற்றத்தில் எதையாவது ஊற்றத் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. இப்போது நீங்கள் செய்ய வேண்டியது பெரும்பாலும் குறைப்பதுதான்.

முதலில் விளக்கு. பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அதன் பழுப்பு நிறமும் சாப்பாட்டில் பெரும்பங்கும் அவை கொடுப்பவை. சூடும் வெளிச்சமும் ஒன்றுசேர்ந்தால் அந்தப் பாசியின் ஒளிச்சேர்க்கை கெட்டு, சதையைப் புண்ணாக்கும் ஆக்சிஜன் கூறுகள் உருவாகும். வேறு வழியில்லாமல் பவளம் பாசியையே வெளியே தள்ளிவிடுகிறது. அதுதான் வெளுப்பு. 1998, 2010, 2016 ஆண்டுகளில் சிங்கப்பூர்க் கடலிலேயே பவளங்கள் வெளுத்தன. ஆகவே சூடு இறங்கிவிட்டாலும் விளக்கைப் பழைய அளவில் எரிய விடாதீர்கள். பாதிக்கும் கீழே குறையுங்கள், வெள்ளை நிறத்தை இன்னும் அதிகமாகக் குறையுங்கள். ஆறு மணி நேரம் எரிந்தால் போதும். பவளங்கள் விரியத் தொடங்கியபின் மூன்று நான்கு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

அடுத்ததைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கல் பவளங்கள் எலும்புக்கூடு கட்டுவதற்குத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்கின்றன. அடிபட்டதும் அந்தக் கட்டுமானம் நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும். இவற்றைத் தானாக ஊற்றும் டோசிங் பம்புக்கு இது எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருக்கும். ஒருமுறை என் தொட்டியில் சூட்டுக்குத் தப்பிய அக்ரோபோராக்கள் அடுத்த வாரம் நுனி கருகிப் போயின. சோதித்துப் பார்த்தால், 8-இல் இருந்த ஆல்கலினிட்டி (தண்ணீரில் உள்ள கார்பனேட்டின் அளவு, dKH அலகில்) 11-ஐத் தாண்டியிருந்தது. தப்பு சில்லருடையது அல்ல, என்னுடையது. இன்றே பம்பை நிறுத்திவிட்டு ஆல்கலினிட்டியைச் சோதியுங்கள். பிறகு தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு மட்டும் கொடுங்கள். 7-க்கும் 9-க்கும் இடையில் ஒரே இடத்தில் நின்றால் போதும். ஏறியிருந்தால் இறக்க எதுவும் ஊற்ற வேண்டாம், தானாக இறங்கட்டும்.

கையோடு அம்மோனியாவையும் பாருங்கள். சூட்டில் செத்த நத்தை ஒன்று பாறைக்குப் பின்னால் அழுகிக்கொண்டிருக்கலாம். அம்மோனியா தெரிந்தால் தண்ணீரை மாற்றித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் 10 சதவீதம் போதும், புதுத் தண்ணீரின் சூடும் உப்பும் தொட்டியோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்கிம்மர் (நுரையால் அழுக்கை எடுக்கும் கருவி) ஓடட்டும், சம்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டுத் தொட்டி) ஒரு சிறு பை வடிகட்டும் கரி வையுங்கள்.

இனி பவளங்களுக்கு வருவோம். வெளுத்த அக்ரோபோராவைக் கைவிளக்கு வெளிச்சத்தில் அருகிலிருந்து பாருங்கள். எலும்பின் மேல் கண்ணாடித் தாள் போல மெல்லிய சதை மூடியிருந்து, சின்னச் சின்னப் பாலிப்புகள் (பூப்போன்ற பவள உயிர்கள்) தெரிந்தால் அதற்கு உயிர் இருக்கிறது. சொரசொரவென்று வெறும் எலும்பாக இருந்தால் அந்த இடம் போய்விட்டது, சில நாளில் அங்கே பாசி படரும்.

தோல் உரிவது வேறு கதை. அது ஒரே இரவில் முழுப் பவளத்தையும் தின்றுவிடக்கூடும், காத்திருக்க முடியாது. உரிந்த விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. தள்ளி, நல்ல சதையில் பவளக் கத்தரியால் வெட்டுங்கள். நுனிகளைக் கெட்டியான சூப்பர் குளூவால் தனித்தனிக் கல்லில் ஒட்டி, வெளிச்சம் குறைவான இடத்தில் வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பாறையில் சோவாந்திட் (பொத்தான் போன்ற, பவளத்தின் உறவு உயிரி) இருந்தால் கட்டாயம். அவற்றில் சில வகைகளின் நஞ்சு ஆளையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

டார்ச் பவளத்தைத் தொட வேண்டாம், இடம் மாற்ற வேண்டாம், அயோடின் குளியலும் வேண்டாம். நேரடியாக அடிக்கும் நீரோட்டத்தை மட்டும் திருப்பிவிடுங்கள். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். விரல் போன்ற இழைகள் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் பசி திரும்பிவிட்டது என்று அர்த்தம். அப்போது பொடியாக நறுக்கிய மைசிஸ் இறாலில் ஒரு துணுக்கு, வாரம் இரண்டு முறை. மூடிக்கிடக்கும் பவளத்தின் மேல் தீனி போட்டால் அங்கேயே அழுகும். பாசி இல்லாத பவளம் அரைப்பட்டினியில் இருப்பதால் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு இறக்கிவிடாதீர்கள். பாஸ்பேட் உறிஞ்சி போட்டிருந்தால் கொஞ்ச நாளைக்கு எடுத்துவையுங்கள்.

(தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கல் பவளங்கள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அங்கே இந்த ஆசை வேண்டாம்.)

அப்புறம் கருவி. சில்லர்கள் நிற்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் தூசிதான். காற்று இழுக்கும் வலையை மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தனியாக ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கி, 28 டிகிரி தாண்டினால் சம்புக்கு மேல் ஒரு மின்விசிறி ஓடும்படி வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றிலும் அது ஒன்றிரண்டு டிகிரி இறக்கும். ஆவியாகும் தண்ணீரை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். அதே கருவி விளக்கையும் அணைக்கும்படி செய்ய முடிந்தால் விசிறியைவிட அது முக்கியம் என்பேன்.