மூன்று மொழியிலும் காற்று

அன்புள்ள டீச்சர்,

நான் மலேசியாவில், பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். வயது 33. இப்போது சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை. பதினாறு நாளுக்கு முன் காலையில் பல் விளக்கும்போது, வாய் கொப்பளித்த தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தால் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. காத்து அடித்துவிட்டது என்றார் மாமியார். முந்தின நாள் இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஈரத்தலையோடு மோட்டார் சைக்கிளில் வந்ததுதான் காரணமாம். தோட்டத்துப் பாட்டியிடம் ஆறு நாள் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டேன். பிறகு கிளினிக் போனேன். பெல்ஸ் பால்சி, முகத்தின் ஒரு பக்க நரம்பு செயலிழந்துவிட்டது என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தாயத்து கட்டு, பலூன் ஊது, கரண்ட் வை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அடுத்த மாதம் என் அண்ணன் கல்யாணம். மூன்றாம் முடிச்சு நான் போட வேண்டும். இந்த முகத்தோடு மணவறையில் நிற்க வேண்டாம், சித்தப்பா மகள் போடட்டும் என்கிறார்கள். ஒதுங்கிக்கொள்வதா டீச்சர்? என் பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள மகளுக்கு,

என் மூத்தவளுக்கும் உன் வயதுதான். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நான்கு தடவையும் 'ஆறு நாள்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஏன் ஆறு நாள்? அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்குப் பார்க்கிறார்கள். வாசலில் உன் மோட்டார் நிற்கிறது. பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நீ. என் அம்மாவுக்கு இதில் எதுவும் இருந்ததில்லை. எல்லாம் இருந்தும் ஆறு நாளை எண்ணெயில் கரைத்துவிட்டு என்னிடம் கல்யாண முடிச்சைப் பற்றிக் கேட்கிறாய். கோபம் வருகிறது. அதை முதலிலேயே எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும்.

போன வாரம் அம்மாவுக்குத் திதி. படத்துக்கு மாலை போடும்போது பேத்தி கேட்டாள், "பூட்டிக்கு ஏன் ஒரு கண்ணு மட்டும் வெள்ளையா இருக்கு?" மரத்தூள் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பொய்யில்லை, ஆனால் பாதி. மீதிப் பாதியை யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்தது.

1974. எனக்கு ஒன்பது வயது. ஜெராய் மலை தெரியும் ஒரு ரப்பர் தோட்டத்து லயம், தொழிலாளர் வரிசை வீடு. அம்மா பால் வெட்டுக்காரி. நாலு மணிக்கு எழுந்து குளித்து, இருட்டோடு பிரட்டுக்கு, ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போவார். அன்று பைப்படியில் வாய் கொப்பளிக்கும்போது, உனக்கு நடந்தது போலவே, தண்ணீர் இடது ஓரமாக வழிந்து நெஞ்சை நனைத்தது. துண்டால் வாயை மூடிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். கை நன்றாகத்தானே இருக்கிறது என்று மேற்பார்வை பார்க்கும் தண்டல் அவருடைய மர நிரையைக் காட்டிவிட்டாராம். சாயங்காலம் தோட்டத்து டிரஸ்ஸர் நாலு வெள்ளை மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துச் சொன்னது ஒரே சொல்: "காத்து."

அன்று இரவு நான் அலறிக்கொண்டு எழுந்தேன். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அம்மா ஒரு கண்ணைத் திறந்தபடி தூங்கினார். திறந்திருந்த கண்ணில் கருமணி இல்லை, வெள்ளை மட்டும். செத்துவிட்டார் என்று நினைத்து உலுக்கினேன். எழுந்து "பாப்பா" என்று கூப்பிடப் பார்த்தார். ப என்று சொல்ல இரண்டு உதடும் சேர வேண்டும். சேரவில்லை. வெறும் ஊதல் சத்தம்தான் வந்தது.

அந்த வெள்ளை என்ன என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். கண்ணை மூடும்போது நம்மில் பெரும்பாலோருக்கு விழி மேலே உருளும். இமை மூடிவிடுவதால் வெளியே தெரிவதில்லை. இமை மூடாதவர்களிடம்தான் அது தெரியும். இந்த நோயை 1821இல் விவரித்த ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் பெல்லின் பெயரில்தான் அந்த உருளலையும் அழைக்கிறார்கள். ஒன்பது வயதில் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால், நாலு மாதம் அம்மாவுக்கு முதுகு காட்டிப் படுத்திருக்க மாட்டேன்.

அந்தக் கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லோரும் வாயைத்தான் பார்த்தார்கள். வாய் நேராகிவிட்டதா, பேச்சு வந்துவிட்டதா என்றுதான் கேட்டார்கள். அம்மா மூடாத கண்ணோடு தினமும் மரத்தடியில் குனிந்து பட்டை சீவினார். உளி நகர நகரத் தூள் உதிரும். அந்தக் கண்ணில் இமை அடிக்காது, கண்ணீர் பரவாது. கண் சிவந்தது. தாய்ப்பால் ஊற்றிப் பார்த்தார்கள். இரண்டாவது மாதம் கருவிழியில் புண் வந்து, ஆறியபோது பூ விழுந்திருந்தது. முகம் நாலு மாதத்தில் முக்கால்வாசி திரும்பி வந்தது. கண் வரவில்லை. இரவில் கொஞ்சம் களிம்பும் ஒரு துண்டு பிளாஸ்டரும் போட்டிருந்தால் அந்தக் கண் பிழைத்திருக்கும் மகளே. பேத்திக்கு நான் சொல்லாத மீதிப் பாதி இதுதான்.

உன் கடிதத்தில் கண் என்ற சொல்லே இல்லை. மணவறை இருக்கிறது, சித்தப்பா மகள் இருக்கிறாள், கண் இல்லை. இன்றைக்கே போய்ச் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து வாங்கு. பகலில் அடிக்கடி விடு, எரிச்சல் இருந்தால் மணிக்கொரு தரம்கூட விடலாம். இரவில் கண்ணுக்குரிய களிம்பைப் போட்டு, விரலால் இமையை மெதுவாக இறக்கி, முழுசாக மூடியதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மேலே பிளாஸ்டர் ஒட்டு. திறந்த கண்மேல் பஞ்சை வைத்துக் கட்டாதே, அது விழியை உரசும். மோட்டாரில் போகும்போது கண்ணாடி போடு. வலித்தாலோ சிவந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போ. மறுநாள் என்று தள்ளாதே.

இப்போது அந்தக் காத்துக்கு வருகிறேன்.

நாம் காத்து அடித்தது என்கிறோம். படித்தவர்கள் முகவாதம், பக்கவாதம் என்கிறார்கள். வாதத்துக்கு அடியில் இருப்பதும் வாயுதான். மலாய்க்காரர்கள் பக்கவாதத்தை அங்கின் அஹ்மார் என்பார்கள், சிவப்புக் காற்று. ஹொக்கியன் பேசும் சீனர்கள் தியோங் ஹோங் என்பார்கள், காற்று தாக்கியது என்று பொருள். சோற்றிலும் சாமியிலும் ஒத்துப்போகாத மூன்று இனமும் இந்த ஒன்றில் ஒரே குரலில் பேசுகின்றன. உன்னை உருவிய எண்ணெயின் பெயரைப் பார். மினியாக் அங்கின், காற்று எண்ணெய். சித்த வைத்தியத்தின் வாதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அது உடம்பின் அசைவையெல்லாம் நடத்துவதாக அவர்கள் சொல்லும் ஒன்று. நான் சொல்வது ஜன்னல் வழியாகவும் ஃபேனிலிருந்தும் வருகிற காற்றை. அந்தப் பாட்டியையும் குறை சொல்லவில்லை. பிள்ளை பெற்ற உடம்புக்கு அவர்கள் கை வேண்டும்.

என் சண்டை சொல்லோடுதான். காத்து என்று சொன்னவுடனே இரண்டு காரியம் நடந்துவிடுகிறது.

ஒன்று, அவசரம் போய்விடுகிறது. உள்ளே வந்த காற்றுதானே, உருவி வெளியேற்றலாம், இன்று இல்லாவிட்டால் நாளைக்கு. உண்மையில் நடப்பது வேறு. முகத்தை அசைக்கும் நரம்பு, காதை ஒட்டிய எலும்புக்குள் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் தூரம் ஒரு குழாய் வழியாக வருகிறது. குழாயின் மிகக் குறுகலான இடம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. விரல் வீங்கினால் மோதிரம் இறுக்குமே, அதுபோல நரம்பு வீங்கினால் எலும்பு இறுக்கும். உதட்டில் கொப்புளம் போடும் கிருமி, வருடக்கணக்கில் நரம்பில் உறங்கிக் கிடந்து விழித்துக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம் என்று கருதுகிறார்கள். எண்ணெய் அந்த எலும்புக்குள் போகாது. வீக்கத்தை அடக்க மாத்திரை இருக்கிறது, பிரெட்னிசோலோன். அதற்கு நேரம் முக்கியம். அதே ஸ்காட்லாந்தில் 551 பேரை வைத்து ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார்கள். முகம் விழுந்து 72 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு 10 நாள் மருந்து. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், பிரெட்னிசோலோன் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 94 பேர் முழுசாகத் தேறியிருந்தார்கள். சாப்பிடாதவர்களில் 82 பேர். நூற்றுக்குப் பன்னிரண்டு முகம், மகளே. 72 மணி நேரம் என்றால் மூன்று நாள். நீ ஆறு நாள் உருவிக்கொண்டிருந்தாய்.

இரண்டாவது, பழி. காற்று யாரை அடிக்கும்? ஈரத்தலையோடு வந்தவளை. இரவில் மோட்டார் ஓட்டியவளை. "நாலு மணிக்குத் தலைக்கு ஊத்துனா காத்து அடிக்காம என்ன செய்யும்" என்று அம்மாவைப் பேசினார்கள். நாலு மணிக்கு எழுந்தால்தான் பிரட்டுக்குப் போக முடியும் என்பதைப் பேசவில்லை. அப்பாவும் அதே நேரத்தில் அதே பைப்படியில்தான் குளித்தார். கடைசிவரை அம்மா அதைத் தன் தப்பு என்றே நம்பினார். அதனால்தான் துண்டு வாயைவிட்டு இறங்கவே இல்லை. முகம் தேறிய பிறகும் சிரிக்கும்போது துண்டு மேலே போகும். நீ என்ன தப்பு செய்தாய்? வேலைக்குப் போனாய், தலை குளித்தாய். இதைச் செய்யாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கும் கொஞ்சம் அதிகமாக வருகிறது. உனக்கு இனிப்புநீர் சோதித்தார்களா? அந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும். கேட்டுக்கொள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. பக்கவாதத்தையும் இதையும் ஒரே காற்றில் கட்டி வைத்திருப்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. புருவத்தைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். பெல்ஸ் பால்சியில் அந்தப் பக்கத்து நெற்றியும் வழவழவென்று கிடக்கும், சுருக்கம் விழாது. வாய் மட்டும் கோணி, நெற்றி இரண்டு பக்கமும் நன்றாகச் சுருங்கினால் நிம்மதி அடையாதீர்கள். மூளையிலிருந்து வருவதுதான் அப்படி இருக்கும், ஏனென்றால் நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. ஆனால் நீங்களே பார்த்து முடிவு செய்துகொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். முகம் கோணினால் ஆஸ்பத்திரி. கை கால் சோர்ந்தாலும் பேச்சு குழறினாலும் 999.

உனக்கு ஆறுதலும் உண்டு. அந்த 82 பேர் பிரெட்னிசோலோன் இல்லாமலே தேறியவர்கள். கோப்பன்ஹேகனில் எந்த மருந்தும் தராமல் வருடக்கணக்கில் கவனித்த ஆய்வில், நூற்றுக்கு 85 பேருக்கு மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஓர் அசைவு தொடங்கியிருக்கிறது. உனக்குப் பதினாறு நாள்தான் ஆகிறது. மூக்கோரம் ஒரு சின்னத் துடிப்பு வந்தாலும் போதும், பாதை திறந்துவிட்டது என்று வைத்துக்கொள். வராவிட்டாலும் உடைந்துபோகாதே, சிலருக்கு மூன்று நாலு மாதம் பிடிக்கும். மூன்று மாதத்தில் சரியாகவில்லை என்றால் திரும்பப் போய்ப் பெரிய டாக்டருக்குக் கடிதம் கேள்.

தாயத்து கட்டிக்கொள், உன் விருப்பம். கரண்ட் எல்லாம் பிசியோ பார்க்காமல் வேண்டாம். பலூன் ஊதாதே, முகத்தை முறுக்கி வம்பாக இழுக்காதே. கண்ணாடி முன் உட்கார்ந்து, சின்னச் சின்னதாக, இரண்டு பக்கமும் சேர்ந்து அசைகிறதா என்று பார்த்துச் செய். நரம்பு திரும்ப வளரும்போது வழி மாறிப் போய்விடுவது உண்டு. அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. சோறு மெல்லும்போதெல்லாம் அந்த இடது கண் சுருங்கும். எங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று நினைத்து நானும் தம்பியும் பதிலுக்குக் கண்ணடிப்போம். அம்மா ஒருநாளும் திருத்தவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, துண்டை எடுக்க மறந்து, வாய் கோணச் சிரிப்பார். அவர் முகத்தை முழுசாகப் பார்த்தது அந்த நேரங்களில்தான்.

அந்த வருடம்தான் சித்தி கல்யாணமும். அம்மா சமையல் கொட்டகையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். ஒரு படத்திலும் இல்லை.

நீ போய் நில். உன் அண்ணனுக்கு நீதான் தங்கை, முடிச்சு போடுவது உன் விரல். ஹோமப் புகைதான் எனக்குப் பயம். நெய்ப்புகை அந்தக் கண்ணுக்கு ஆகாது. புகை எந்தப் பக்கம் போகிறது என்று ஐயர் தீ மூட்டும்போதே பார்த்து, வலது பக்கம் புகைக்கு இருக்கும்படி நின்றுகொள். மணவறை ஏறும் முன் ஒரு சொட்டு, இறங்கியதும் ஒரு சொட்டு. போத்தலைக் கைப்பையில் வைக்காதே, யாராவது வாங்கி எங்கேயாவது வைத்துவிடுவார்கள். இடுப்பில் செருகிக்கொள்.

அடுத்த கடிதத்தில் முகத்தைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை. கண் எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
டீச்சர்