தெருவிளக்கை அணைத்து வைத்த ஊர்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நவம்பரில் என் தம்பியைக் கொரோனாவுக்குப் பறிகொடுத்தேன். 2020 முடிந்துவிட்ட இந்நேரத்தில் எல்லோரும் “எத்தனையோ நல்லதும் நடந்ததே” என்று பேசுவதைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது. இழந்தவர்கள் முன்னால் அப்படிப் பேசுவது முறைதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் வலியில் முழு நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இந்த நோய்க்குக் கொடுத்துவிட்டு ஆண்டை முடித்திருக்கிறோம். எத்தனை நற்செயல்களைச் சேர்த்தாலும் அவர்களில் ஒருவருக்கும் ஈடாகாது. “பரவாயில்லை, நல்லதும் நடந்தது” என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் உங்கள் எதிரில் வாய்மூடி இருப்பதே மரியாதை.

ஆயினும், நடந்த நல்லவற்றை நாம் எழுதி வைக்காமல் விட்டுவிடக் கூடாது என்றே நான் நினைக்கிறேன். துயரம் வந்தபோது யார் விலகி ஓடினார்கள், யார் வந்து நின்றார்கள் என்பதும் இந்த ஆண்டின் வரலாறுதான். ஏப்ரலில் சென்னையில், தொற்றுக்கு ஆளாகி இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் காயமடைந்தார்கள். கடைசியில் அவருடைய சக மருத்துவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டி வந்தது. அடக்கத்தைத் தடுப்பவர்களுக்குச் சிறைத்தண்டனை என்று அம்மாத இறுதியில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு நம் சமூகம் அன்று தலைகுனிந்து நின்றது.

அதே ஆண்டில், அதே தமிழ்நாட்டில், தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தின் தொண்டர்கள் தலை முதல் கால் வரை கவச உடை அணிந்து, இறந்தவர் என்ன மதம், என்ன சாதி என்று பாராமல், அவரவர் வழக்கப்படி புதைத்தும் எரியூட்டியும் வந்தார்கள். சொந்தப் பிள்ளைகளே நெருங்க அஞ்சிய உடல்களையும் அவர்கள் சுமந்தார்கள். மார்ச் இறுதியில், டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் மத அமைப்பின் மாநாட்டைக் காரணம் காட்டி, தொற்றைப் பரப்பியவர்கள் என்று தங்கள் மீது பழி சுமத்தப்பட்டதைக் கேட்டுக்கொண்டிருந்த சமூகத்து இளைஞர்கள் அவர்கள் என்பதை நினைக்கும்போது எனக்குக் கைகூப்பத்தான் தோன்றுகிறது. இதைச் சொல்வதால் உங்கள் தம்பியின் இழப்பு ஒரு குன்றிமணி அளவும் குறையாது. சொல்லாமல் விட்டாலோ, முன்பின் அறியாத ஒருவருக்குக் கடைசி மரியாதை செய்தவர்களுக்கு நாம் அநீதி இழைத்தவர்களாவோம்.

கேள்வி: “விலகி இரு, வீட்டிலேயே இரு” என்றுதான் ஆண்டு முழுவதும் கேட்டோம். ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஓர் ஊர் ஊராக இருக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: முடியும் என்று சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி காட்டியது, தம்பி. தெருவிளக்குகளுக்கான சுவிட்சுப் பெட்டி அங்கே தெருக்கோடியில் இருக்கிறது. ஊரடங்கு காலத்தில் ஒரு சிறு பறவை அதற்குள் வைக்கோலும் சருகும் சேர்த்துக் கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. தினமும் மாலையில் விளக்குப் போடும் இளைஞர் அதைக் கண்டு, படம் எடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டார். சுவிட்சைத் தொட்டால் கூடு கலைந்துவிடும். தொடாவிட்டால் ஊரே இருட்டில் கிடக்கும். ஒரு பறவைக்காக ஊர் இருட்டில் கிடப்பதா என்று சிலர் கேட்கத்தான் செய்தார்கள். பேசிப் பேசி, ஊராட்சித் தலைவரையும் சம்மதிக்க வைத்து, குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்கு இல்லாமல் இருந்தார்கள். பாம்பும் தேளும் நடமாடும் கிராமத்துத் தெருவில் அது சிறிய விட்டுக்கொடுத்தல் அல்ல. இரவில் வெளியே போகிறவர்கள் கையில் டார்ச்சையோ கைப்பேசி வெளிச்சத்தையோ எடுத்துச் சென்றார்கள்.

கூட்டம் கூடவே முடியாத நாட்களில் ஓர் ஊர் கூடி எடுத்த முடிவு இது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஊர் என்பது ஒரே இடத்தில் நெருங்கி நிற்பது மட்டும் அன்று. ஒரு சங்கடத்தை எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொள்வதும் ஊர்தான். ஏப்ரலில் நியாயவிலைக் கடைகளில் ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தபோது பல தெருக்களில் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். வெயில் தாங்காத முதியவர்கள் தங்கள் பையை வட்டத்துக்குள் வைத்துவிட்டு எதிரில் வேப்ப மர நிழலில் உட்கார்ந்துகொள்வார்கள். வரிசை நகர நகர, பின்னால் நிற்பவர் அந்தப் பையை அடுத்த வட்டத்துக்கு எடுத்து வைப்பார். யாருடைய பை என்று கூட அவருக்குத் தெரிந்திருக்காது.

கேள்வி: சித்திரைத் திருவிழா இல்லாமல் ஓர் ஆண்டு கழியும் என்று கனவிலும் நினைத்ததில்லை. அந்த வெறுமையிலும் உங்களுக்கு ஏதேனும் நல்லது தெரிந்ததா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சில பட்டர்கள் மட்டும் கோயிலுக்குள் நடத்தி வைக்க, மதுரைப் பெண்கள் நேரலையில் பார்த்தபடியே தத்தம் வீட்டில் திருமாங்கல்யக் கயிறு மாற்றிக்கொண்டீர்கள். சடங்கு விடுபடவில்லை என்பது எனக்கும் நிறைவைத் தந்தது. ஆனால் அழகர் ஆற்றில் இறங்காத வைகைக் கரைக்கு எதுவும் மாற்றாகாது. மாற்று கிடைத்துவிட்டதாக நான் நடிக்கப் போவதில்லை. உங்கள் ஊரில் நான் போற்றுவது வேறொருவரை. யாசகம் கேட்டுச் சேர்த்த பணத்தில் பத்தாயிரம் ரூபாயை மாவட்ட ஆட்சியரிடம் நிவாரண நிதிக்குக் கொடுத்த முதியவர், ஒரு முறையோடு நிற்காமல் மீண்டும் மீண்டும் வந்து அதே தொகையைக் கொடுத்தார்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜூன் ஊரடங்கின்போது இளைஞர்கள் சேர்ந்து, தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குக் காய்கறி, பால், மருந்து எல்லாம் வாங்கிக் கொடுத்தோம். இப்போது குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டுமே வருகின்றன. அந்த உணர்வைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?
– வங்கி ஊழியர், சென்னை

பதில்: உணர்வைக் காப்பாற்ற முயல வேண்டாம், வேலையைக் காப்பாற்றுங்கள். கயிற்றில் கூடையைக் கட்டி மேல்மாடிக்கு ஏற்றிய நாட்களில் நீங்கள் பல விவரங்களைத் தெரிந்துகொண்டீர்கள். எந்த வீட்டில் முதியவர்கள் பிள்ளைகள் துணையின்றி இருக்கிறார்கள், யாருக்கு இன்சுலின் தேவை, யாருக்கு இரவில் மூச்சுத் திணறும் என்பதெல்லாம் ஒரே கூரையின் கீழ்ப் பல ஆண்டுகள் வாழ்ந்தும் அதற்கு முன் உங்களுக்குத் தெரியாதவை. அந்த அறிமுகம்தான் நீங்கள் ஈட்டிய செல்வம். அவர்களின் சம்மதத்தோடு அதை ஒரு நோட்டில் எழுதி, மாடிக்கு ஒருவர் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரடங்கில் உங்கள் குப்பையை அள்ளியவர்களும், வீடு வீடாக வந்து காய்ச்சல் உண்டா என்று கேட்ட மாநகராட்சிப் பணியாளர்களும் அந்தக் கணக்கில் சேர வேண்டியவர்கள். சில குடியிருப்புகளில் அவர்களுக்குக் கைதட்டினார்கள். ஆனால் குடிக்கத் தண்ணீர் கேட்டபோது கதவைத் திறக்கவில்லை. உங்கள் வாசலில் அவர்கள் கைகழுவ ஒரு குழாயும், உட்கார ஒரு பெஞ்சும், உங்கள் கழிப்பறைகளில் ஒன்றைப் பயன்படுத்த அனுமதியும் இருக்கட்டும். சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றுங்கள்.

2021 பிறந்திருக்கும் இவ்வேளையில், கொரோனா தடுப்பூசி வரப்போகிறது என்கிறார்கள். உங்கள் கட்டடத்து முதியவர்கள் பதிவு செய்ய யார் உதவுவது, முகாமுக்கு யார் அழைத்துப் போவது, அன்று இரவு காய்ச்சல் வந்தால் யார் எட்டிப் பார்ப்பது என்பதை இந்த மாதமே பேசி முடியுங்கள்.