ஒரு ஜீன்ஸ், எத்தனை ஜீன்ஸ்?

கேள்வி: ஆங்கிலத்தில் சட்டை ஒருமை, ட்ரௌசர்ஸ், ஜீன்ஸ் மட்டும் பன்மை. ஏன்? – வாசகி, தேனி

பதில்: இடைக்கால ஐரோப்பாவில் ஆண்கள் காலுக்கு ஒன்றாகத் தனித்தனி 'ஹோஸ்' என்ற நீளக் காலுறை மாட்டி, மேலே நாடாவால் கட்டிக்கொண்டார்கள். 15-ம் நூற்றாண்டு வாக்கில்தான் இரண்டையும் சேர்த்துத் தைப்பது பரவியது. பன்மைக்கு அதுதான் காரணம் என்பார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. கத்தரிக்கோலும் மூக்குக்கண்ணாடியும்கூட அங்கே 'சிசர்ஸ்', 'கிளாசஸ்'தானே! ஒட்டியிருக்கும் இரண்டு சமபாதிகளை ஆங்கிலம் ஜோடியாகவே பார்க்கிறது. சட்டைக்குக் கை இரண்டானாலும் உடம்பு ஒன்று, தப்பித்தது. பிராவும் தப்பித்தது எப்படி என்று கேட்காதீர்கள். அது பிரெஞ்சு ஒருமைச் சொல்லின் சுருக்கம்.

பைஜாமா கதைதான் வேடிக்கை. பாரசீகத்தில் 'பாய்' என்றால் கால், 'ஜாமா' என்றால் உடை. சுத்தமான ஒருமை. இந்தியாவில் அதைப் பார்த்த ஆங்கிலேயர்கள், ட்ரௌசர்ஸைப் போலவே கடைசியில் ஒரு 'ஸ்' ஒட்டிவிட்டார்கள்!

இப்போது ஃபேஷன் கடைக்காரர்கள் 'எ ட்ரௌசர்', 'எ பேன்ட்' என்று ஒருமையில் சொல்கிறார்கள். கடையில் சரி. பரீட்சையில் 'மை ஜீன்ஸ் ஆர்' என்றே எழுதுங்கள். 'இஸ்' போட்டால் மார்க் போகும்.